ஊரான் வட்டையில் வெட்டு

மருமகன், என் அக்காவின் மகன், இங்கிலாந்திலிருந்து எனக்கென்று ஒரு குளிர்ச்சட்டை கொண்டுவந்தான். மட்டக்களப்புப் பக்கத்துக் கொக்கட்டிச்சோலை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? அலுமாரியில் கிடக்கிறது. எனக்குப் பிடித்தது அவன் யாருக்கென்றும் கொண்டுவராத ஒரு பொருள். சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கொப்பி. ஓரமெல்லாம் சிவப்புக் கறை, ஸ்ட்ரோபெரிச் சாறு. 2024 மே மாதக் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் நாளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறான்.

"6 – 2. 8 மணி. கிலோ காணும்."

"மழை. 3 மணி."

"கிலோ காணாது எண்டு 11 மணிக்கே அனுப்பிட்டானுகள்."

"சுடுதண்ணி இல்ல. 5ம் நாள்."

அவ்வளவுதான். அழுகை, புலம்பல் ஒன்றும் இல்லை. என்னுடைய அப்பாவிடமும் இப்படி ஒரு கொப்பி இருந்தது. வயலில் நெல் வெட்டுக்கு வந்தவர் யார், எத்தனை நாள், எத்தனை மரக்கால் நெல் கொடுத்தது என்று பென்சிலால் எழுதிவைப்பார். அது கூலி கொடுத்தவரின் கொப்பி, இது கூலி வாங்கினவனின் கொப்பி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

அவன் ஏன் போனான் என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்கு. வயலும் பெரும்பாலும் பெண்வழியேதான் வரும். நான் செய்கிற நாலு ஏக்கரும் என் மனைவியின் சீதனம், அவள் அம்மாவுக்கு அவள் அம்மம்மா கொடுத்தது. தங்கச்சிக்கு வீடு கட்டாமல் அண்ணன் மாலை மாற்றினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அக்காவின் புருஷன் யுத்தத்தோடு போய்விட்டார். ஆகவே அந்த வீடு இருபத்தாறு வயதுப் பெடியனின் தலையில் இறங்கியது. கொத்து வேலைக்குப் போய்ப் பார்த்தான். 2022 இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் அந்த வேலையும் நின்றது. மறுகாதான் யாரோ சொன்னார்கள், ஆறு மாத விசாவில் லண்டனுக்குப் பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்களாம் என்று.

லண்டன் என்றால் எங்களுக்கு முழு இங்கிலாந்தும் லண்டன்தான். அவன் போனது லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கிற கென்ட்டுக்கு. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஹொப்ஸ் தோட்டங்களுக்கு லண்டனின் கிழக்குப்பகுதி ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு வந்து, செப்டெம்பர் முழுக்கப் பறித்துவிட்டுப் போவார்களாம். பியருக்குக் கசப்புக் கொடுக்கிற பூ அது. பிறகு பறிக்கிற மெசின் வந்தது, அந்த வரவு நின்றது. ஸ்ட்ரோபெரிக்கு இன்னும் கைதான் வேண்டும். உள்ளூர்க் கை கிடைக்காததால் முதலில் கிழக்கு ஐரோப்பாக் கை, பிறகு உக்ரேன் கை. உக்ரேனில் சண்டை தொடங்கியதும் நேபாளம், இந்தோனேசியா, கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் என்று வலை அகன்றது. 2019 இல் 2,500 இடத்தோடு ஒத்திகையாகத் தொடங்கிய விசா, 2024 இல் தோட்டப்பயிருக்கு மட்டும் 45,000 இடமாக வளர்ந்திருந்தது. அந்த 45,000 இல் ஒருத்தன் எங்கள் பெடியன்.

கணக்கைச் சொல்கிறேன். ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வரவை மட்டும்தான் சொல்கிறார்கள்.

அங்கே மணித்தியாலத்துக்கு ஆகக்குறைந்த சம்பளம் அந்த வருடம் 11.44 பவுண். கிழமைக்கு 32 மணித்தியாலச் சம்பளமாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. பெருக்கினால் 366 பவுண். இதில் தங்குகிற கரவன் என்ற வண்டிவீட்டுக்கு நாளுக்கு 9.99 பவுண் கழித்தான், கிழமைக்கு எழுபது. வரி மாதிரி ஒரு பத்து. சாப்பாட்டுக்கு முப்பத்தைந்து. மிச்சம் 250 என்று வையுங்கள். அப்போது ஒரு பவுண் 390 ரூபாய்க்குக் கிட்ட நின்றது. ஆக, கிழமைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபாய். இந்த ஒரு இலட்சம்தான் ஊரெல்லாம் பறந்தது.

போக்கைப் பாருங்கள். விசாக் கட்டணம் 298 பவுண். ரிக்கற், மெடிக்கல், கொழும்புக்கு நாலு தரம் போய்வந்தது எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்துக்கு மேல். ஏஜென்டுக்கு ஒன்பதரை இலட்சம். அங்கே இந்த வேலைக்கு ஆளெடுக்கத் தொழிலாளியிடம் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். வாங்கியது இங்கே, பற்றுச்சீட்டு இல்லாமல், ஒரு தேத்தண்ணிக் கடையில். அக்காவின் தாலிக்கொடியும் என் மனைவியின் இரண்டு சோடிக் காப்பும் அடகுக்குப் போயின, அதற்கு வட்டி. இருபத்துநாலு கிழமை வேலை என்று போனவனை இருபதாவது கிழமையில் "பழம் முடிஞ்சிது" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் போக வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆறு இலட்சம் சொச்சம். தங்கச்சி வீட்டுக்கு அத்திவாரமும் யன்னல் மட்டம் வரைக்கும் சுவரும் எழும்பியிருக்கின்றன.

ஆறு இலட்சம் சின்னக் காசு இல்லை. வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் ஐந்து மாதத்தில் யார் கையிலும் ஆறு இலட்சம் மிஞ்சாது. நாலு ஏக்கர் செய்கிற எனக்கும் மிஞ்சாது. போகாதே என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

வேலையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான். பழத்தைத் தொடக்கூடாதாம். காம்பை இரண்டு விரலால் பிடித்து முறித்து, பழம் கையில் படாமல் பெட்டியில் வைக்கவேண்டும். விரல் பட்ட இடம் அடுத்த நாள் கறுக்கும், கறுத்தால் கடைக்காரன் முழுப் பெட்டியையும் திருப்புவான். தாக்கத்தி பிடித்துக் கொத்துக் கொத்தாக வேளாண்மை, அதாவது விளைந்த நெல், வெட்டிப் பழகிய கை அது. முதல் கிழமை முழுக்க, பறிக்கவேண்டிய கிலோ வரவில்லை. பின்னேரம் போனில் ஒரு செய்தி வரும், நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்தக் கூடாரம் என்று. பெயர் இல்லையென்றால் அடுத்த நாள் வேலை இல்லை. அந்தச் செய்தி வரும்வரைக்கும் கரவனில் ஆறு பேரும் போனைப் பார்த்தபடி இருப்பார்களாம்.

ஒரு விஷயம் சொன்னான், அதை நான் பலருக்கும் சொல்லிவிட்டேன். அங்கே ஸ்ட்ரோபெரியை மண்ணில் நடுவதில்லை. நெஞ்சு உயரத்துக்கு மேசை போல வரிசை, அதன்மேல் நீட்டுப் பை, பைக்குள் தென்னந்தும்புத் தூள். முதல் நாள் அந்தப் பையைத் திருப்பிப் பார்த்தால் 'ஸ்ரீ லங்காவில் தயாரித்தது' என்று அடித்திருக்கிறதாம்.

"நம்மட தும்பு எனக்கு முதலே வந்து படுத்துக் கிடக்கு மாமா. அதுக்கு ஏஜென்டுக் காசும் இல்ல."

கொப்பியில் ஒன்பது நாள் தொடர்ந்து வருகிறது அந்தச் சுடுதண்ணி வரி. கரவனின் ஹீற்றர் பழுது. அங்கே ஜூனிலும் இரவில் குளிரும் என்கிறான். சுப்பவைசரிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டோமே என்று அடுத்த நாள் பயந்தார்கள், நாளைய செய்தியில் பெயர் வராமல் போனால்? வேறு தோட்டம் மாறக் கேட்கலாமே என்றேன். கேட்கலாம், விதியில் அப்படி இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டியது விசாவுக்கு ஆள் நின்ற அதே நிறுவனத்திடம். அவர்கள் பார்த்து, இடம் இருந்தால், அனுப்புவார்கள்.

"கோவத்தில கதவத் திறந்து நடந்தா எங்க போறது? அந்தப் பண்ணையில நிக்கிற வரைக்கும்தான் நான் அந்த நாட்டில நிக்கலாம்."

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் கொப்பி ஞாபகம் வந்தது. 1986 அல்லது 87, எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் பக்கம் நாற்று நடுகிற வழக்கம் குறைவு, விதைத்துவிடுவதுதான். ஆகவே நடவுக்கு ஆள் தேடி அலைவதில்லை, ஆள் தேவையெல்லாம் வெட்டுக்குத்தான். ஐப்பசி கார்த்திகையில் விதைத்த பெரும்போக வேளாண்மை மாசியில் ஒரே நேரத்தில் பழுக்கும். வட்டை என்கிற வயல்வெளி முழுக்க மஞ்சளாக நிற்கும்போது வயல் சொந்தக்காரரான போடிமார் எல்லாருக்கும் ஒரே கிழமையில் ஆள் வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து வெட்டுக்காரர் கூட்டம் கூட்டமாகத் தோணியில் வருவார்கள். மண்முனைப் பாலம் வந்தது 2014 இல்தான், அதற்கு முந்தி அந்தத் துறையில் தோணியும், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகும்தான். வயல் குடிசையான வாடியில் படுத்து, விடியப்புறம் இறங்கி, வெயில் ஏறமுன்னம் வரவை என்கிற ஒரு வயல்துண்டை அரிந்து உப்பட்டியாகப் போட்டுவிடுவார்கள்.

அந்த வருடம் ஒரு நாள் மத்தியானச் சோறு வாடிக்கு வரப் பிந்தியது. வந்த சோறும் நொந்துபோயிருந்தது, கறியில் கருவாடு பெயருக்கு இரண்டு துண்டு. கூட்டத்தில் மூத்தவர் ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்தார், வைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலு பேரும் தாக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வரம்பில் ஏறிப் பக்கத்து வட்டைக்கு நடந்தார்கள். பாதி வெட்டின வேளாண்மை அப்படியே நிற்கிறது, மேற்கே மழை இருட்டு. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலே போனார். அவர் அப்படிக் குனிந்து பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் கூட, சோறு எங்கள் அம்மாவின் கையால் மட்டும் என்று பேச்சு முடிந்து, அடுத்த நாள் வந்தார்கள். கொப்பியில் அந்தத் தேதிக்கு நேரே அப்பா எழுதியது: "சோறு பிழை. +14."

ஊர் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. வெட்டுக்காரர் வரம்பில் ஏறி நடக்கலாம். போடியாரிடம் முன்பணமும் நெல்லும் கடனாக வாங்கிப் போகம் முழுக்க வயலில் கிடந்த வயற்காரருக்கு அந்த நடை இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது கடனைக் கழித்தால் வெறுங்கையோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். கடன் இருக்கிறவனுக்குக் கால் இல்லை, அவ்வளவுதான்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் எங்கள் வாடியில் யானைக் காவலுக்கு இருந்த தாத்தா. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர். சில வருடங்களுக்கு முன் காலமானார். இரவில் நெருப்பு வளர்த்து வைத்துக்கொண்டு துண்டைப் பற்றிக் கதைப்பார். முதலில் எனக்கு விளங்கவில்லை, தோளில் போடுகிற துண்டு என்று நினைத்தேன். அது கடதாசித் துண்டு. ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியும் அவர் கூட்டமும் இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அடுத்த தோட்டத்துரை அந்தக் காசைக் கட்டி ஆட்களை எடுப்பான், கடன் அவன் பேரேட்டுக்கு மாறும், வழியில் இன்னும் கொஞ்சம் ஏறும். 1921 இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

"தோட்டம் புடிக்கலேன்னா போலாம் தம்பி, யாரு தடுத்தா? கடனக் கட்டிட்டுப் போலாம். அதத்தான் கட்ட முடியாதே."

அவருடைய பாட்டன் காலத்துக்கு முந்தியவர்கள் முதலில் வந்தது கோப்பிக்கு. கோப்பி பருவப் பயிர். தமிழ்நாட்டில் வயல்வேலை இல்லாத மாதங்களில் கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். நடந்த வழியில் செத்தவர்களும் ஏராளம். 1869 இல் கோப்பி இலையில் பூஞ்சை நோய் கண்டது, பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து, ஆகவே ஆளும் வருடம் முழுக்க. பருவத்துக்கு வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் இந்த நாட்டவர் இல்லை என்று 1948 இல் ஒரு சட்டம் சொன்னது. இன்றைய பருவகால விசாக்கள் அந்தத் தங்கல் நடக்காதபடி கவனமாகச் செய்தவை. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, முடிந்ததும் திரும்பவேண்டும். கை மட்டும் வரட்டும், ஆள் வரவேண்டாம்.

மருமகனை அனுப்பிய மாதிரி நிறுவனங்களுக்கு அங்கே அப்போது உரிமம் கொடுத்த அரச அமைப்பின் பெயரில் 'கேங்மாஸ்டர்' என்ற சொல் இருந்தது. தமிழில் கங்காணி என்றுதான் நான் சொல்வேன். 2004 பெப்ரவரியில் இங்கிலாந்தின் வடமேற்கே மோர்கம் குடாவில் மட்டி பொறுக்க இறக்கப்பட்ட சீனத் தொழிலாளர் குறைந்தது 21 பேர் ஏறுகடலில் அகப்பட்டுச் செத்தார்கள். அதன் பிறகுதான் கங்காணிமாருக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற தேத்தண்ணிக் கடைக் கங்காணிகளுக்கு அந்த உரிமம் எட்டாது.

கொரியாவுக்குப் போகிறவர்கள் கதை வேறு. அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு, 2004 இலிருந்து நடக்கிறது. மொழிப் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். மட்டக்களப்பு ரவுணில் கொரிய மொழி வகுப்புப் பதாகை இல்லாத தெரு குறைவு. ஏஜென்டுக் கொள்ளை அங்கே இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் கேட்பது தொழிற்சாலை வேலை. கிடைக்காதவர்கள் விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் போவார்கள். அங்கே தொழிற்சட்டத்தின் வேலைநேரம், ஓய்வு, விடுமுறை விதிகள் விவசாயத்துக்குப் பொருந்தாது என்று சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. வேலையிடம் மாறுவதற்கும் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள், மூன்று வருடத்துக்கு மூன்று தரம். 2020 டிசம்பரில் பொச்சியோனில் ஒரு பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருந்த தங்குமிடத்தில் கம்போடியப் பெண் ஒருத்தி, கடும் குளிர் இரவில் இறந்துகிடந்தாள். அதன் பிறகுதான் அப்படியான தங்குமிடம் கொடுக்கிற முதலாளிக்கு ஆள் இல்லை என்று அந்த அரசு சொன்னது. இஸ்ரேலுக்கு 10,000 பேரை விவசாயத்துக்கு அனுப்ப எங்கள் அரசு 2023 நவம்பரில் ஒப்பந்தம் செய்தது. ஹமாஸ் தாக்கிய ஒக்டோபர் 7 க்குப் பிறகு தாய்லாந்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரும்பிப்போன வெற்றிடம் அது. காசாவில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருக்கிற என் சிநேகிதன் அதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. எங்கள் வட்டையில் இப்போது வெட்டுவது மெசின். ஆள் இல்லாததால் மெசின் வந்ததா, மெசின் வந்ததால் ஆள் போனதா என்று வட்டைக்குத் தண்ணீர் பார்க்கிற வட்டவிதானையோடு எத்தனையோ தரம் வாதாடியிருக்கிறேன். அமெரிக்காவில் 1942 இல் மெக்சிகோவிலிருந்து பண்ணைக்கு ஆளெடுக்கத் தொடங்கிய திட்டம் 1964 இல் நின்றதும், கலிபோர்னியாவில் தக்காளி பறிக்கிற மெசின் விறுவிறுவென்று பரவியது. அங்கே வரிசை தெளிவு. இங்கே இரண்டும் ஒன்றாகவே நடந்தது. போன மாசியில் எனக்கு வந்த மெசினின் டிறைவர் பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்களப் பெடியன், இருபத்திரண்டு வயது. அம்பாறையில் வெட்டி, இங்கே வெட்டி, பிறகு வடக்கே போய் வெட்டுவானாம். இரவில் மெசினுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தான். வாடிக்குள் வரச் சொன்னேன், மெசினை விட்டு வர முதலாளி விடமாட்டார் என்றான். இவனும் ஒரு வெட்டுக்காரன்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்த்திகை வெள்ளத்துக்குத் தப்பின வேளாண்மை அது. தையில் பெய்த மழையில் பள்ளத்து வரவைகளில் சாய்ந்துபோயிற்று. மெசின் அந்தப் பக்கம் இறங்கினால் புதையும். ஒரு தரம் இறங்கிப் புதைந்து, இழுக்க இன்னொரு மெசின் கூப்பிட்டு, அரை நாள் போனது. அந்த ஒரு ஏக்கரைக் கையால்தான் வெட்டவேண்டும். ஊரெல்லாம் தேடி ஐந்து பெண்கள் கிடைத்தார்கள். நாலு பேருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. மருமகனும் தாக்கத்தியோடு இறங்கினான். முழங்கால் சேறு, சாய்ந்த கதிரை நிமிர்த்தி நிமிர்த்தி அரியவேண்டும். இரண்டு நாள்.

பின்னேரம் கூலி கொடுக்கும்போது பக்கத்தில் நின்றான். எங்கள் வட்டையில் ஆணுக்கு நாளுக்கு 3,000, பெண்ணுக்கு 2,000. யார் வைத்த கணக்கு என்று தெரியாது, அப்பா கொப்பியிலும் பெண்ணுக்கு ஒரு மரக்கால் குறைவுதான்.

"மாமா, மாமிமார் என்னவிடக் கூட வெட்டினவங்க. அங்க ஆம்பிள பொம்பிள ஒரே காசு. கரவன்ல தண்ணி வராட்டியும் அது ஒரே காசுதான்."

நான் வட்டை வழக்கம் என்று ஏதோ சொன்னேன். அவன் திருப்பிப் பேசவில்லை, சேற்றுக் காலை வாய்க்காலில் கழுவப் போனான். எனக்கு அவன் கொப்பி நினைவில் வந்தது, இந்த மாமிமாரில் யாராவது கொப்பி வைத்திருந்தால் என்னைப் பற்றி எந்த வரி எழுதியிருப்பார்கள் என்றும். பையில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கு 3,000 கொடுத்தேன். மூத்தவ நோட்டை இரண்டு தரம் எண்ணினா. பிழையாகக் கொடுத்துவிட்டேனோ என்று என் முகத்தைப் பார்த்தா, மறுகா இடுப்பில் செருகினா.

அடுத்த நாள் ஐந்து பேரும் பக்கத்து வயலுக்குப் போக இருந்தவர்கள். விடிய ஏழு மணிக்கெல்லாம் அந்த வயல்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்.

"என்ன வேலடா பார்த்திரிக்காய்? மூவாயிரம் தந்தாத்தான் இறங்குவமெண்டு வரம்பில குந்திக்கொண்டு இரிக்காளுகள். வேளாண்ம சேத்துக்குள்ள கிடக்கு!"

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. சைக்கிளில் ஏறி, வந்த வழியே, அவர்களிடம்தான் போனார்.